மிதிவண்டியில் ஏறிய வானொலி யந்திரம்

1946-ஆம் ஆண்டு. போரில் தோற்ற ஜப்பானில் ரயில்களில் கால் வைக்க இடமில்லை, பெட்ரோலுக்கும் பங்கீடு. உணவுப் பொருள் தேடி நெடுந்தொலைவு மிதிவண்டியை மிதிப்பவர் பலர். அவ்வேளையில் ஹமாமட்சு நகரில் வாழ்ந்த சொயிசிரோ ஹோண்டாவின் கண்ணில் ஒரு சிறு யந்திரம் பட்டது. இராணுவத்தின் வானொலிக் கருவிக்கு மின்சாரம் அளிப்பதற்காகச் செய்யப்பட்ட அது, போர் ஓய்ந்தபின் கேட்பாரற்றுக் கிடந்தது. இதனை மிதிவண்டியில் பொருத்தினால் என்ன என்று அவர் எண்ணினார்.

பெட்ரோல் தொட்டிக்கு என்ன செய்வது? படுக்கையைச் சூடாக்க வெந்நீர் ஊற்றி வைக்கும் கலமே முதல் வண்டியின் தொட்டியாயிற்று. யந்திரத்தின் சுழற்சி பெல்ட் மூலம் பின்சக்கரத்தைச் சேர்ந்தது. அவருடைய மனைவியார் சாச்சி அவ்வண்டியை ஓட்டிப் பார்த்தார். சுமார் 500 யந்திரங்களே கிடைத்தன. அவை தீர்ந்ததும், 1947-இல் ஹோண்டா தாமே ஒரு யந்திரத்தைச் செய்தார். 1948-இல் கம்பெனி பிறந்தது.

பழைய சிறு யந்திரங்களைத் தேடியெடுத்து, மிதிவண்டியில் பொருத்தி மகிழ்வோர் இன்றும் பல நாடுகளில் உளர். அவர்கள் அறியவேண்டியவை சில உண்டு. இத்தகைய யந்திரங்களுள் பல, பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுற்று வேலையை முடிப்பவை. அவற்றில் மசகெண்ணெயைப் பெட்ரோலுடனேயே கலத்தல் வேண்டும். மறந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும்; ஓடும் சக்கரமும் திடீரென நின்று, ஓட்டுபவரைக் கீழே தள்ளலாம்.

அதனினும் முக்கியமானது பிரேக். வேகம் இருமடங்கானால், வண்டியை நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 30 கிலோமீட்டர் வேகத்தில், அதே பிரேக்கைக் கொண்டு 16 மீட்டர் தேவை. கால் வலிமைக்கென்றே அமைந்த சட்டமும் முன்கவையும் இடைவிடாத அதிர்வினால் விரிசல் காணக்கூடும். ஆதலின், யந்திரத்தைப் பொருத்துமுன் பிரேக்கையும் சட்டத்தையும் வலுப்படுத்துவதே அறிவுடைமை.

நம் நாட்டுச் சட்டத்தையும் நினைவில் கொள்ளுதல் நலம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கிற்குக் குறைந்த சக்கரங்களும் 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத யந்திரமும் உடைய வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. ஹோண்டா கண்டெடுத்ததோ 50 கன சென்டிமீட்டர் யந்திரம். அத்தகையதை இன்று இங்கே ஒருவர் மிதிவண்டியில் பூட்டிப் பொதுச் சாலைக்குக் கொண்டுவந்தால், அது மோட்டார் வாகனமே. பதிவும் ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் இன்றி அதனை ஓட்டலாகாது.