வாவிக்கரைக்குக் குவிமாட வீடு பொருந்துமா?

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, எமது மாவட்டத்தில் வீடு பற்றிய பேச்சுக்கு இன்றும் ஓர் அளவுகோலாக இருந்து வருகின்றது. அன்று ஓட்டுக் கூரை, தகரக் கூரை, கிடுகுக் கூரை என்ற வேறுபாட்டைக் காற்றுப் பார்க்கவில்லை. சுமார் 900 பேர் உயிரிழந்தனர். தென்னந்தோட்டங்கள் அடியோடு சாய்ந்தமையால், கூரையை மறுபடி வேய்வதற்குக் கிடுகு தரும் மரங்களும் இல்லாது போயின. பின்னர் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2011 ஜனவரியில் பெருவெள்ளம். ஒவ்வொரு அழிவுக்குப் பின்னும் அதே கேள்வியே எழுகின்றது: காற்றுக்கு நிற்கக்கூடிய, செலவு குறைந்த, நாமே கட்டி நாமே திருத்தக்கூடிய வீடு எது?

இக்கேள்விக்கு வெளிநாடுகளில் பலர் சொல்லும் ஒரு விடை ஜியோடெசிக் குவிமாடம். குவிமாடம் என்றதும் பள்ளிவாசல் கூரை நினைவுக்கு வரலாம். இது கல்லாலும் சாந்தாலும் எழுவதன்று. குட்டையான கம்புகளையோ குழாய்களையோ முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்து, கவிழ்த்த கடகம் போல் ஆக்குவதாகும். சுவர் வேறு, கூரை வேறு என்பது இதில் இல்லை.

இதன் பலம் முக்கோணத்தில் இருக்கின்றது. நான்கு கம்புகளைச் சதுரமாக ஆணியடித்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள், சரிந்துவிடும். மூன்று கம்புகளை முக்கோணமாக்கினால், கம்பு முறியும்வரை அல்லது மூட்டுக் கழரும்வரை வடிவம் மாறாது. குவிமாடத்தில் ஒரு முடிச்சில் விழும் பாரம் அக்கம்பக்கத்துக் கம்புகள் எல்லாவற்றுக்கும் பகிரப்படுகின்றது. காற்றும் தட்டைச் சுவரில் மோதுவது போல் மோதாமல் வழுகிச் செல்கின்றது. மரமோ இரும்போ குறைவாகவே செலவாகும். ஆகவே சூறாவளிப் பிரதேசத்துக்கு ஏற்றது என்ற வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

1920களில் ஜெர்மனியின் ஜெனா நகரில் வால்தர் பாவர்ஸ்பெல்ட் என்ற பொறியியலாளர் ஒரு கோளரங்குக்காக இவ்வகைக் கூரையை அமைத்தார். 1954இல் காப்புரிமை பெற்று உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்கரான பக்மின்ஸ்டர் புல்லர். 1960களில், நகர வாழ்வை வெறுத்துத் தன்னிறைவு தேடிய அமெரிக்க இளைஞர்கள் குவிமாடங்களைக் கட்டிக் குடியேறினர். அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் லொயிட் கான் முக்கியமானவர். கலிபோர்னியாவில் ஒரு பாடசாலையில் குவிமாடங்கள் கட்டியவர். 1970, 1971ஆம் ஆண்டுகளில் இரு கைநூல்களும் வெளியிட்டார். ஆனால் அவற்றில் வாழ்ந்து பார்த்தபின் அவரே மனம் மாறி, கைநூலை மேலும் அச்சிடுவதை நிறுத்தினார். 1973இல் அவர் வெளியிட்ட அடுத்த நூல் பல நாட்டு மக்களின் மரபுவழி வீடுகளைப் பற்றியது. புல்லர் 1960இல் தமக்கெனக் கட்டிய குவிமாட வீடும் ஒழுகியது. இதை எமது நண்பர்கள் பலர் அறிவதில்லை. படத்தைப் பார்த்ததும் மயங்கி விடுகின்றனர்.

மாரி மழையில் என்ன நடக்கும்?

10 அடி ஆரையுள்ள எளிய குவிமாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஏறத்தாழ 294 சதுர அடி நிலம் கிடைக்கும். அதற்கு 65 கம்புகள், 26 முடிச்சுகள், 40 முக்கோணங்கள் வேண்டும். நிலத்தோடு இருக்கும் பத்துக் கம்புகளை விட்டால் மிகுதி 55 கம்புகளின் மேலும் இரண்டு தகடுகள் சந்திக்கின்றன. அதாவது மழை நுழையக்கூடிய 55 பொருத்துகள். எமது பிரதேசத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை கொட்டித் தீர்க்கின்றது. பகலில் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் பொருத்துகளை ஒட்டும் பசை எத்தனை மாரி தாங்கும்? அந்தப் பசையும் கடையில் வாங்குவதே.

கிடுகு வேயலாமே என்று கேட்கலாம். கிடுகு நீரை வடியவிடுவது சரிவால். குவிமாடத்தின் உச்சியோ தட்டையானது. அங்கே நீர் தங்கிக் கிடுகு உக்கும். தகரம் போடுவதென்றால் நீள்சதுரத் தகட்டை முக்கோணமாக வெட்டுகையில் துண்டுகள் வீணாகும். இறவாரம் இல்லாதபடியால் மழைநீர் சேகரிக்கும் பீலி மாட்டவும் வசதியில்லை. கச்சான் வீசும் மாதங்களில் தகரக் குவிமாடத்தினுள் பகலில் இருப்பது எப்படியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. எமது கிராமங்களில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். தாய் தகப்பன் அதே வளவில் பின்பக்கம் ஒரு பத்தி இறக்கி இருந்துகொள்வர். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு எழும். அறையைக் கூட்டவும் பிரிக்கவும் கூடிய வீடே எமக்குத் தேவை. வட்டமான குவிமாடத்தில் ஒட்டுவதற்கு நேர்ச்சுவர் இல்லை. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் 2006 நிலநடுக்கத்துக்குப் பின் சுமார் 70 குடும்பங்களுக்குக் கொங்கிறீற் குவிமாட வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவை முக்கோணக் கூடுகள் அல்ல. ஆனால் வடிவம் அதுவே. குடியேறியோர் பலர் சமையலுக்கெனப் பக்கத்தில் பத்தி இறக்கிக்கொண்டனர். வட கிழக்குக்கென 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் அமைக்கும் திட்டம் 2016இல் பேசப்பட்டபோதும், வெப்பம், செலவு, ஊர் மேசனுக்கு வேலை இல்லாமை என்பனவே எதிர்ப்புக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

எனவே குடியிருப்புக்குக் குவிமாடத்தை நாம் சிபாரிசு செய்யவில்லை. அதன் முக்கோணத்தை மாத்திரம் எமது வீட்டுக்குள் கொண்டுவருவோம். தூணுக்கும் வளைக்கும் இடையே மூலைதோறும் ஒரு சாய்வுக் கம்பு. கைமரங்களுக்கிடையே குறுக்காக ஓடும் ஒரு சலாகை. இரு பக்கம் மட்டும் சரியும் கூரையை விட, நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றுக்கு நல்லது. சரிவு 30 பாகையளவில் இருக்கட்டும். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு தொடராமல் தனியாக இறக்கினால், காற்று விறாந்தையைப் பிடுங்கினாலும் வீடு தப்பும். எல்லாவற்றிலும் முக்கியம், கூரையை வளையோடும், வளையைத் தூணோடும், தூணை அத்திவாரத்தோடும் கம்பியால் அல்லது இரும்புப் பட்டியால் இறுக்குவது. ஆணி மட்டும் போதாது; காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே உறிஞ்சுவதே அதிகம்.

கோழிக்கும் நாற்றுக்கும்

குவிமாடம் உண்மையில் உதவும் இடம் வளவுக்குள் இருக்கின்றது. கோழிக்கூடு, நாற்றுமேடைப் பந்தல், கண்ணாடிப் பொலித்தீன் போர்த்த கருவாட்டு உலர்த்தி ஆகியவற்றுக்கு ஒழுக்கு ஒரு பெரிய குறையன்று. இடம் மாற்றவேண்டுமானால் நான்கு பேர் தூக்கிச் செல்லலாம்.

5 அடி ஆரையுள்ள கூட்டுக்கு 20 அடி நீளமான மெல்லிய இரும்புக் குழாய் 11 போதும். 2 அடி 8¾ அங்குல அளவில் 30 துண்டும், 3 அடி 1 அங்குல அளவில் 35 துண்டும் தேவை. இது துளைக்குத் துளை உள்ள நீளம். இரு முனையிலும் ஓரங்குலம் கூட்டி வெட்டுங்கள். முனைகளைச் சம்மட்டியால் தட்டித் தட்டையாக்கித் துளையிட்டு, குட்டைத் துண்டை 16 பாகையும் நீளத் துண்டை 18 பாகையும் வளைக்க வேண்டும். ஒரு முடிச்சுக்கு ஒரு போல்ற், ஆக 26. பூட்டும்போது குழம்பாதிருக்க ஒரே விதி: ஐந்து குழாய் சந்திக்கும் முடிச்சு ஆறு உண்டு, அவற்றிலிருந்து புறப்படுவன எல்லாம் குட்டை, மற்றவை யாவும் நீளம். முதலில் நீளத் துண்டு பத்தை நிலத்தில் வளையமாகப் பூட்டி மேலே ஏறுங்கள். எல்லா முடிச்சும் சேரும்வரை போல்ற்றுகளை இறுக்கக் கூடாது. முன்னதாக இறுக்கினால் கடைசித் துளைகள் பொருந்தா.

கூடு இலேசானது என்பதால் காற்று முழுதாகவே தூக்கிவிடும். அடிவளையத்தின் பத்து முடிச்சுகளிலும் ஒவ்வொரு முளை அறைந்து கம்பியால் கட்டுங்கள். கரையோர மணலில் வெறும் முளை பிடிக்காது. இரண்டடி ஆழத்தில் கல்லொன்றைக் கட்டிப் புதைத்து, அதிலிருந்து கம்பியை மேலே எடுக்க வேண்டும்.