கல்கரி: எரிய மட்டுமல்ல, தாங்கவும்

"நிலக்கரியைக் காற்று இல்லாமல் சூடாக்கினால் கல்கரி கிடைக்கும்." பள்ளியில் ரெண்டு மார்க் கேள்வி. எழுதிட்டு மறந்துட்டேன். கல்கரின்னா கோக்தான். நாற்பது வயசுக்கு மேல்தான் ஒரு சந்தேகம் வந்தது: நிலக்கரியே நல்லா எரியுதே, அதை எதுக்கு முதலில் வேக வைக்கணும்? எரிபொருளைத் தயாரிக்க இன்னொரு எரிபொருளா?

தேடிப் படித்ததில் புரிந்தது இது: காரணம் சூட்டில் இல்லை, எடையில் இருக்கிறது.

இரும்பு உருக்கும் ஊதுலையில் தாதுவையும் கல்கரியையும் மேலிருந்து அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். கீழிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். கல்கரி எரிந்து சூடு தருகிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தாதுவில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. மூன்றாவது வேலைதான் முக்கியம். உலையின் அடிப்பகுதியில் தாது இளகி உருகிவிடும். அங்கே கெட்டியாக நிற்பது கல்கரி மட்டும்தான். மேலே உள்ள மொத்தச் சுமையும் அதன் தலையில். கல்கரித் துண்டுகளின் இடைவெளி வழியாகத்தான் வாயு மேலே போகணும், உருகிய இரும்பு கீழே சொட்டணும். அது நொறுங்கினால் உலைக்கு மூச்சு முட்டிவிடும்.

மரக்கரியால் இவ்வளவு எடை தாங்க முடியாது. அதனால் பழைய உலைகள் சின்னதாகவே இருந்தன. 1709-இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி கல்கரியை வைத்து இரும்பு உருக்கினார். உலைகள் பெரிதாவதற்கு வழி பிறந்தது அங்கேதான்.

சரி, எப்படித் தயாரிக்கிறார்கள்? விசாகப்பட்டினம் உருக்காலையில் உள்ள கல்கரி அடுப்புகளின் உயரம் 7 மீட்டர். அகலமோ சுமார் ஒரு முழம்தான்! இப்படிக் குறுகலான அறைகள் வரிசையாக நிற்கும், நடுநடுவே நெருப்புச் சுவர்கள். இந்த வரிசைக்கு 'பேட்டரி' என்று பெயர். பொடித்த நிலக்கரியை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, சுவர் வழியாக 1000 டிகிரிக்கு மேல் சூடேற்றுவார்கள். காற்று இல்லாததால் எரியாது. 350 டிகிரிக்கு மேல் கரி மாவு போல இளகும், வாயு கிளம்பி உப்பும், 500 டிகிரி வாக்கில் இறுகிவிடும். இட்லி வேகிற மாதிரிதான்: ஓரத்திலிருந்து நடுவுக்கு, உள்ளே நிறையத் துளைகளோடு. அகலம் ஏன் ஒரு முழம் என்பது இப்போது புரியும். அந்த அகலத்துக்கே வேக 16 முதல் 20 மணி நேரம் ஆகிறது.

வெந்ததும் ஒரு பக்கமிருந்து இயந்திரம் தள்ள, மறுபக்கம் செக்கச்செவேல் என்று கல்கரி சரியும். தண்ணீரோ நைட்ரஜனோ கொண்டு குளிரவைப்பார்கள். ஒரு டன் நிலக்கரிக்கு முக்கால் டன் வரை கல்கரி கிடைக்கும். மீதி வாயுவாக வெளியேறும். அதிலிருந்து தார், அம்மோனியா, பென்சீனைப் பிரித்துவிட்டால் எஞ்சும் வாயுவில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன். அதில் ஒரு பகுதியை எரித்தே அடுப்பைச் சூடாக்குகிறார்கள். என் ரெண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்தாச்சு.

ஆனால் கதவிடுக்கில் கசியும் புகை நுரையீரல் புற்றுநோய் தரக்கூடியது. அடுப்பின் மேல்தளத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இன்னொன்று: சுவர்கள் சிலிக்கா செங்கல்லால் ஆனவை, ஆறவிட்டால் விரிசல் விழும். அதனால் ஒருமுறை பற்றவைத்தால் பல பத்தாண்டுகளுக்கு அணைப்பதில்லை. ரீஸ்டார்ட் பண்ண முடியாத சர்வர்!

எல்லா நிலக்கரியும் இப்படி இளகி ஒட்டாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஒட்டாது. அதை அழுத்திக் கட்டியாக்கி, பிறகு கரியாக்கி, 'லெகோ' என்று வீட்டு அடுப்புக்குத்தான் ஒரு காலத்தில் விற்றார்கள். இந்தியாவில் முதல்தரமாக ஒட்டும் கரிக்குப் பேர்போன இடம் ஜார்க்கண்டின் ஜாரியா. அங்கே 1916-இலேயே கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ இன்னும் முழுசா அணையவில்லை. தரை உள்வாங்கி, மக்கள் வீடு இழக்கிறார்கள். நாமோ கல்கரிக்கான நிலக்கரியில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் இறக்குகிறோம்.

"நிலக்கரிதான் நம்மகிட்ட ஏராளமா இருக்கே" என்று யாராவது சொன்னால், இனி நான் கேட்கப்போவது ஒன்றுதான்: எந்த நிலக்கரி?