பட்டம் பெற்ற பின் ஆசிரியராவது எப்படி?

இடம்பெயர்ந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துகொண்டு, கூலி வேலை செய்து, நகையை அடகுவைத்து ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பிய குடும்பங்கள் எமது திருகோணமலை மாவட்டத்தில் பல உண்டு. பட்டமளிப்புப் படம் சுவரில் தொங்குகிறது. பிள்ளையோ வீட்டில் இருக்கிறது. "படிப்பு முடிந்துவிட்டதே சுவாமி, இன்னும் என்ன பரீட்சை, இன்னும் என்ன பயிற்சி?" என்று மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் பெற்றோர் எம்மிடம் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பட்டம் என்பது ஒருவர் ஒரு பாடத்தைக் கற்றார் என்பதற்கான அத்தாட்சி. அது நியமனக் கடிதம் அன்று. கற்பிக்கத் தெரியும் என்பதற்கான சான்றும் அன்று. இம்மூன்றையும் ஒன்றென எண்ணுவதாலேயே பல வீடுகளில் மனக்கசப்பு உண்டாகின்றது.

ஒரு காலத்தில் பாடசாலைகளை நடத்தியவர்களே ஆசிரியர்களைத் தெரிந்தெடுத்தனர். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றதோடு அந்த வழக்கம் முடிவுற்றது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழ் வந்தன. தேசிய பாடசாலைகள் மாத்திரம் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. எனவே எமது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நியமனம் வழங்குவது கிழக்கு மாகாணமே. எங்கே விண்ணப்பிப்பது என்பது தெரியாமல் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் அலைந்து பஸ் காசைத் தொலைத்தவர்களை நாம் அறிவோம்.

ஆசிரியராவதற்கு முக்கியமான வாசல்கள் இரண்டு. க.பொ.த. உயர் தரம் சித்தியடைந்தவர் தேசிய கல்வியியற் கல்லூரிக்குச் செல்லலாம். கிழக்கில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டக்களப்பு தாழங்குடாக் கல்லூரி அண்மையில் உள்ளது. இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டில் ஒரு பாடசாலையில் பயிற்சி பெறுவர். முதலில் பயிற்சி, பிறகு நியமனம். மற்றையது பட்டதாரிகளின் வாசல். இங்கே வரிசை மாறிவிடுகிறது: முதலில் பட்டம், அடுத்தது போட்டிப் பரீட்சையும் நியமனமும், பெரும்பாலும் அதன் பின்னரே ஆசிரியத் தொழிலுக்கான பயிற்சி. வயல் இல்லாத, வருமானம் இல்லாத குடும்பத்துக்கு முதலாவது வாசலே பாதுகாப்பானது என்பது எமது கருத்து. பல்கலைக்கழகம் கிடைத்தும் கல்வியியற் கல்லூரிக்குச் சென்ற பிள்ளையைத் தாழ்வாகப் பேசும் அயலவர் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆயினும் பட்டம் ஏற்கனவே கையில் உள்ளவர்களே எம்மிடம் அதிகம் வருகின்றனர். அவர்களுக்குரிய வழி இது. ஆசிரியர் வெற்றிடங்களுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும். அதில் பாடம், மொழிமூலம், வயதெல்லை, வதிவிடம் எல்லாம் குறிப்பிடப்பட்டிருக்கும். வயதெல்லை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே சென்ற முறை அறிவித்தலை வைத்துக்கொண்டு "எனக்கு வயது போய்விட்டது" என்று முடிவுகட்ட வேண்டாம். போட்டிப் பரீட்சையின் பின் நேர்முகப் பரீட்சை; அங்கே சில நிமிடங்கள் கற்பித்துக் காட்டவும் சொல்வார்கள். பட்டத்தில் படித்த பாடம் பாடசாலையில் கற்பிக்கப்படும் பாடமாக இருப்பது மிகவும் முக்கியம். பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காகத் தெரிவுசெய்த சில பாடங்களுக்குப் பாடசாலையில் இடமே இல்லை. தனியார் நிறுவனப் பட்டமாயின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

அறிவித்தல் எப்போது வரும் என்பதுதான் வேதனையான பகுதி. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்து போராடினர். 2020இல் அரசு பல்லாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாகச் சேர்த்தது. அவர்களுள் பலர் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயருடன் பாடசாலைகளுக்கு இணைக்கப்பட்டு, வகுப்பறையில் ஆசிரியர் செய்யும் வேலையையே செய்தனர். ஆசிரியர் சேவையில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுப் போராடவும் நேர்ந்தது. இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் தரகர்கள் வருகிறார்கள். "இவ்வளவு தந்தால் நியமனம் எடுத்துத் தரலாம்" என்பான். மாடு விற்ற காசை அவன் கையில் கொடுக்க வேண்டாம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு வேறொரு இடரும் உண்டு: பத்திரங்கள். 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓடிய மக்கள் உடுத்த துணியோடு ஓடினர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பிறப்பே பதியப்படாதிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரண தர, உயர் தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் மீண்டும் உறுதிப்படுத்தித் தரும். வதிவிடத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றும் வாக்காளர் இடாப்பும் தேவைப்படும். முகாமில் ஒரு பதிவு, பழைய ஊரில் ஒரு பதிவு, பல்கலைக்கழகம் சென்ற பிள்ளையின் பெயர் எங்குமே இல்லை என்ற நிலை எமது குடும்பங்களில் சாதாரணம். ஒவ்வோர் ஆண்டும் இடாப்பைத் திருத்தும்போது பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் வாரத்தில் இவற்றைத் தேடத் தொடங்கினால் கிடைக்காது.

இனி, பயிற்சி. பட்டதாரி ஆசிரியருக்கு உரியது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், யாழ்ப்பாணம், கொழும்பு முதலிய பல்கலைக்கழகங்கள் இதனை நடத்துகின்றன. தமிழ் மொழியிலும் கற்கலாம். வேலையிலுள்ளவர்கள் வார இறுதிகளிலோ தொலைக்கல்வி மூலமாகவோ படிப்பதே வழக்கம். 2014ஆம் ஆண்டின் ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி, பட்டத்தோடு மாத்திரம் சேவைக்கு வருபவர் 3ஆம் வகுப்பின் 1ஆம் தரத்திலும், பட்டத்தோடு இந்த டிப்ளோமாவும் உள்ளவர் 2ஆம் வகுப்பின் 2ஆம் தரத்திலும் அமர்த்தப்படுவர். சம்பளமும் அதற்கேற்ப மாறும்.

சம்பளத்துக்காக மட்டுமே படிக்கிறார்கள் என்ற பேச்சும் உண்டு. அப்படிப் படிப்போர் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே கற்பிக்கப்படுவது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. கல்வி உளவியல், கல்வித் தத்துவம், மதிப்பீடு, தத்தம் பாடத்தைக் கற்பிக்கும் முறை என்பவற்றோடு, பாடசாலையில் கற்பித்தற் பயிற்சியும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் குறிப்பு எழுதி, விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்திருக்கக் கற்பிக்க வேண்டும். நெல்லைப் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்கும் இந்த மண்ணில் இந்தப் போகத்தில் எப்போது விதைப்பது என்பது வேறு அறிவல்லவா? அதுபோலத்தான். கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்ற ஒருவருக்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் ஏன் விளங்கவில்லை என்பது விளங்காது. மூன்று பாடசாலை மாறிய பிள்ளைக்கு நான்காம் வகுப்பில் ஒரு தவணை முழுதும் தவறியிருக்கும். ஓட்டை அங்கே இருக்கிறது. பிள்ளை எங்கே இடறியது என்பதைச் சிறிய வினாக்கள் மூலம் பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முறை உண்டு. தகப்பன் காணாமற்போன பிள்ளை வகுப்பில் பேசாதிருப்பதை மந்தம் என்று எழுதிவிடாமல் இருப்பதற்கும் படிப்பு வேண்டும். எமது கிராமங்களில் இவை இரண்டுமே அன்றாடத் தேவைகள்.

மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் உண்டு. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லை என்ற முறைப்பாடு நகரத்தைவிடத் தூரக் கிராமங்களிலேயே அதிகம் கேட்கிறது. முன்பு பட்டினத்து ஆசிரியர்கள் கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து மூதூருக்கு வந்தனர். கடல் கொந்தளித்தால் அன்று பாடசாலை இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, மற்றப் பாலங்களும் வந்தபின் தரைவழிப் பயணம் இலகுவானது. ஆனாலும் தூரத்திலிருந்து வருபவர் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்கும் குடும்பம் உண்டு. ஊர்ப் பிள்ளை ஆசிரியராகி ஊரில் நின்றால்தான் இது மாறும்.

இப்போது வீட்டில் காத்திருக்கும் பட்டதாரிகள் செய்யக்கூடியவை சில. வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் அரச வர்த்தமானியையும், மாகாணக் கல்வி அமைச்சின் அறிவித்தல்களையும் தவறாது பாருங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒருவர் பார்த்து மற்றவர்க்குச் சொல்லலாம். பொது அறிவு, நுண்ணறிவு வினாக்களை அதே குழுவாக இருந்து பழகுங்கள். மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். கற்பித்துக் காட்டச் சொல்லும்போது நா தடுமாறாது. பத்திரங்களின் உறுதிப்படுத்திய பிரதிகளைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு, ஒரு தொகுதியை வேறொரு வீட்டிலும் வைத்திருங்கள்.