புரெவி நின்ற இடம்

2020 டிசம்பர் 4ஆம் திகதி கேரளத்தின் தென் மாவட்டங்களுக்கு விடுமுறை. திருவனந்தபுரம் விமான நிலையத்தைப் பல மணி நேரம் மூடிவைத்தார்கள். எல்லாம் புரெவிப் புயலுக்காக. அதுவோ அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. இராமநாதபுரத்துக்கு அருகே மன்னார் வளைகுடாவில் நின்றது, அங்கேயே மெலிந்து முடிந்தது.

அதுவரை ஒழுங்காகத்தான் வந்தது. டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. காற்று மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர். வன்னியை ஊடறுத்து மறுநாள் மன்னார்க் கடலில் இறங்கியது. விடிவதற்குள் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே தமிழகக் கரையைக் கடக்கும் என்றது இந்திய வானிலைத் துறை.

முன்னறிவிப்பு இப்படிப் பிழைக்கலாம் என்பதால், மாரி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் கொழும்பு வானிலைத் திணைக்களத்தின் அறிக்கை மட்டும் போதாது. யாழ். பல்கலைக்கழகப் புவியியல் துறையின் நாகமுத்து பிரதீபராஜா எழுதும் குறிப்பு, சென்னையிலிருந்து பிரதீப் ஜோன் போடும் பதிவு, காரைக்கால் ரேடார்ப் படம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆர்வலர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ரேடாரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. காரைக்காலிலிருந்து யாழ்ப்பாணத்தின் தீவகம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். பூமி வளைந்திருப்பதால், அங்கிருந்து புறப்படும் கதிர் இங்கே வந்து சேரும்போது தரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அதிக உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது படத்தில் விழாது.

கீழே நடப்பதை அறிய ஒரு பழைய வழி உண்டு. வேலணைத் தீவின் சுருவிலில், வெளியான ஓரிடத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். புயலின் மையம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். 1857இல் ஒல்லாந்து அறிஞர் பைஸ் பாலட் எழுதிவைத்த விதி இது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் பொருந்துகிறது. மையம் திருகோணமலைப் பக்கம் இருந்தால் சுருவிலுக்கு வாடைக்காற்று. அது பாம்பன் பக்கம் போனால் காற்று கிழக்கால் திரும்பித் தென்கிழக்கில் வந்து நிற்கும். அதன் பிறகு மணிக்கணக்காகத் திசை மாறவில்லையென்றால் புயலும் நகரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

புரெவி ஏன் நகரவில்லை? புயலுக்குச் சுழலத் தெரியும். தானாகப் பயணம் போவது மிகக் கொஞ்சமே. இயந்திரம் நின்ற வள்ளம் நீரோட்டத்தோடு போவதுபோல, பல கிலோமீற்றர் உயரத்தில் வீசும் பெருங்காற்று தள்ளும் பக்கமே அது போகும். இரு புறமும் உயர் அமுக்கப் பகுதிகள் இருந்து எதிரெதிராகத் தள்ளினால் நடுவில் தள்ளுவார் இல்லை. புரெவி அப்படியோர் இடைவெளியில் அகப்பட்டது. அந்த இடத்தில் காற்றின் வேகத்தைச் சற்றே பிழையாக அளந்தாலும், கணினிக் கணக்கில் புயல் எந்தப் பக்கமும் போகலாம்.

இதனால்தான் ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் ஒரே புயலுக்கு 51 தடவை கணக்குப் போடுகிறது. ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் தொடக்க நிலையைக் கொஞ்சம் மாற்றிப் போடுவார்கள். புயலின் பாதையைக் காட்டும் 51 கோடுகளும் ஒட்டிப் போனால் நம்பலாம். விசிறிபோல் விரிந்தால் வளிமண்டலமே இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள். கைபேசியில் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அவற்றில் ஒரு கோடு, அதிலும் அனுப்புகிறவருக்குப் பிடித்த கோடு.

மையத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. புரெவி இராமநாதபுரத்தருகே நின்றபோது பெருமழை கொட்டியது 250 கிலோமீற்றருக்கும் அப்பால், கொள்ளிடத்தில்: ஒரே நாளில் சுமார் 360 மில்லிமீற்றர். சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் வெள்ளம் நின்றது. வங்காள விரிகுடாவின் ஈரக்காற்றைப் புயலின் வடபுறம் இழுத்துக்கொண்டே இருந்தது. யாழ்ப்பாணமும் அந்த ஈரப் பக்கத்தில்தான் கிடந்து நனைந்தது.

கேரளத்துக்கு விடுமுறை விட்டவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை விழுங்கிய புயலும் இலங்கையைக் கடந்து இதே கடலுக்குத்தான் வந்தது. அது நிற்கவில்லை.

அடுத்த கார்த்திகையில் புயல் சுருவிலுக்கு நேரே வருகிறது என்று யாராவது ஒற்றைக் கோடு போட்ட படத்தை அனுப்பினால், மிச்சம் ஐம்பது கோடுகளையும் கேட்டு வாங்குங்கள்.