செட்-டாப் பாக்ஸை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாமா?

மகன் சார்ஜாவில், மகள் சிங்கப்பூரில் என்று வாழும் குடும்பங்கள் கோவை வட்டாரத்தில் ஏராளம். அங்கே சில மாதங்கள் தங்கப் போகும் பெற்றோர்கள், "பணம் கட்டித்தானே பார்க்கிறோம், வீட்டு டி.டி.எச். பாக்ஸைக் கையோடு கொண்டு போனால் என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில், கூடாது.

டி.டி.எச். செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன. டி.டி. ஃப்ரீ டிஷ் பயன்படுத்தும் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரியில் உள்ளது. கோவையில் அது தென்கிழக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும். லண்டனிலோ தொடுவானத்துக்கும் கீழே போய்விடும். எத்தனை பெரிய டிஷ் வைத்தாலும் பயனில்லை. சார்ஜாவில் தொடுவானத்துக்கு மேலேதான் இருக்கும். ஆனால் டார்ச் வெளிச்சம் போல சிக்னலை இந்தியா மீது குவித்திருப்பதால், அங்கே மெலிந்துவிடும்.

இலங்கை கதை வேறு. பாக் நீரிணையைச் சிக்னல் தாண்டிவிடுகிறது, அனுமதி தாண்டுவதில்லை. மத்திய அரசின் 2001-ம் ஆண்டு நெறிமுறைகளின்படி தொடங்கிய டி.டி.எச். உரிமம், இந்தியாவுக்குள் சேவை தருவதற்கே. சினிமா, கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைகளும் நாடு வாரியாகவே விற்கப்படுகின்றன. டிஷ் டிவி நிறுவனமே இலங்கைக்கென்று டிஷ் டிவி லங்கா என்ற தனி நிறுவனம் தொடங்கித்தான் அங்கே போனது. இங்கே ரீசார்ஜ் செய்து அங்கே பார்ப்பது ஒப்பந்த மீறல். இணைப்பைத் துண்டித்தால் கேட்க முடியாது.

சரி, கம்ப்யூட்டரில் பார்க்கலாமா? இன்டர்நெட்டில் இணையும்போது உங்களுக்கு ஒரு ஐ.பி. முகவரி கிடைக்கிறது. தபாலில் பின்கோடு போல, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அதை வைத்துத்தான் "இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் இல்லை" என்ற செய்தி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் 2018 ஏப்ரல் 1 முதல் ஒரு சலுகை உண்டு: ஓர் உறுப்பு நாட்டில் சந்தா கட்டியவர், தற்காலிகமாக மற்ற உறுப்பு நாடுகளுக்குப் போனாலும் பார்க்கலாம். திருப்பூரிலிருந்து ஜெர்மனி போகும் பனியன் ஏற்றுமதியாளருக்கு இது பொருந்தாது. அவர் சந்தா இந்தியச் சந்தா.

வி.பி.என். மென்பொருள் போட்டு ஐ.பி. முகவரியை மாற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். இலவச வி.பி.என். வழியே உங்கள் தகவல் எங்கே போகிறது என்பதே தெரியாது. அதோடு, ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ம் ஆண்டு சைபர் சட்டப்படி, ஐ.பி.யை மறைத்துக் குற்றம் செய்தால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. ஒரு சீரியலுக்காக அந்த வம்பு எதற்கு?

போகும் நாட்டில் கிடைக்கும் தமிழ்ச் சேனல் தொகுப்பையோ, சன் நெக்ஸ்ட் போன்றவற்றின் அந்நாட்டுச் சந்தாவையோ எடுப்பதே நல்லது. இங்குள்ள சந்தா வீணாகாமலிருக்க, இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கேட்கலாம். டிராய் 2017-ல் கொண்டுவந்த விதிகளில் இதற்கு இடமுண்டு. கடைசி நாளில் கேட்காமல், டிக்கெட் எடுத்தவுடனே கேட்டுவிடுங்கள். கிளம்பும்போது பாக்ஸின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்கள், ஐப்பசி இடிக்குப் பலியாகாமலிருக்கும்.