ரீட்மீ பைலா, விக்கியா? ஓப்பன் சோர்ஸ் உதவிக் குறிப்புகள் எங்கே இருக்க வேண்டும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதலில் தேடுவது இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களைத்தான். வி.எல்.சி. பிளேயர், லிப்ரே ஆபீஸ், கிம்ப் எனப் பட்டியல் நீளும். முன்பு காசு கொடுத்து வாங்கிய சாப்ட்வேர் பெட்டிக்குள் தடிமனான புத்தகம் ஒன்று இருக்கும். டவுண்லோட் செய்யும் புரோகிராமுடன் அப்படிப் புத்தகம் வருவதில்லை. அப்படியானால் இவற்றைப் பயன்படுத்தும் வழியை எங்கே படிப்பது?

பெரும்பாலும் இரண்டு இடங்களில் படிக்கலாம். ஒன்று, புரோகிராமுடன் சேர்ந்தே வரும் டெக்ஸ்ட் பைல்கள். மற்றொன்று, இண்டர்நெட்டில் இருக்கும் விக்கி. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது புரோகிராம் எழுதுபவர்களின் பிரச்னை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தேர்வின் பலனையும் பாதிப்பையும் அனுபவிப்பவர்கள் நாம்தான். தமிழில் உதவிக் குறிப்புகள் எழுதும் சிறு குழு ஒன்றில் நானும் இருப்பதால், இதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

டெக்ஸ்ட் பைல்

ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் ஒன்றின் சோர்ஸ் போல்டரைத் திறந்தால் ரீட்மீ, இன்ஸ்டால், காப்பியிங், சேஞ்ச்லாக் போன்ற பெயர்களில் பைல்கள் இருக்கும். புரோகிராம் எதற்காக என்பதை ரீட்மீ சொல்லும். நிறுவும் முறை இன்ஸ்டால் பைலில் இருக்கும். காப்பியிங் என்பது உரிமம். எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்பது சேஞ்ச்லாக்கில் இருக்கும். இந்தப் பெயர்களைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் வைப்பதில் ஒரு வசதி உண்டு. ஆஸ்கி வரிசையில் பெரிய எழுத்துகள் முதலில் வருவதால், அந்த வரிசைப்படி பட்டியலிடும்போது இந்த பைல்கள் மேலே வந்து கண்ணில் படும்.

ரீட்மீ பழக்கம் 1970களில் இருந்தே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் எளிது. டெக்ஸ்ட் பைலைத் திறக்கத் தனி சாப்ட்வேர் தேவையில்லை, நோட்பேட் போதும். இண்டர்நெட் இணைப்பும் தேவையில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், அது புரோகிராமுடன் ஒரே பொட்டலமாக வருகிறது. நீங்கள் இன்ஸ்டால் செய்த பதிப்புக்கு எழுதிய குறிப்புதான் உங்கள் கையில் இருக்கும்.

விக்கி

1995ஆம் ஆண்டு மார்ச் மாதம் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க புரோகிராமர் முதல் விக்கி தளத்தை வெளியிட்டார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய விக்கி விக்கி என்ற பஸ்ஸின் பெயரை வைத்துத்தான் அவர் இப்படிப் பெயரிட்டார். 2001இல் விக்கிபீடியா தொடங்கிய பின்னர் இந்த முறை உலகம் முழுவதும் பரவியது.

விக்கியில் படிப்பவரே எழுதலாம். தவறைப் பார்த்தால் "தொகு" என்பதைக் கிளிக் செய்து, திருத்தி, சேமித்துவிடலாம். வழக்கமான விக்கியில் அடுத்த நிமிடமே உலகம் முழுவதும் திருத்திய பக்கம் தெரியும். ஆர்ச் லினக்ஸ் விக்கியை எடுத்துக் கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்துபவர்களே எழுதி எழுதிச் சேர்த்த அந்தப் பக்கங்களை, வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களும் தேடிச் சென்று படிக்கிறார்கள்.

டெக்ஸ்ட் பைலில் இந்த வேகம் கிடையாது. அது புரோகிராமின் சோர்ஸுடன் கிட் போன்ற அமைப்பில் இருக்கும். இன்று கிட்ஹப் போன்ற தளங்களில் பென்சில் ஐகானைக் கிளிக் செய்து பிரவுசரிலேயே திருத்தலாம் என்றாலும், பொறுப்பாளர் பார்த்து ஏற்ற பிறகுதான் அது சேரும். இன்ஸ்டால் செய்தவர் கைக்கு வர அடுத்த பதிப்பு வெளிவர வேண்டும்.

ஒரு நூலகத்தில் நடந்தது

சிறிய நூலகங்களில் புத்தக இரவல் கணக்கு வைக்கும் புரோகிராம் ஒன்றுக்கு எங்கள் குழு தமிழில் குறிப்புகள் எழுதுகிறது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் எல்லாவற்றையும் விக்கியில்தான் வைத்திருந்தார்கள். பேக்கப் எடுத்த பைலில் இருந்து கணக்கைத் திரும்பக் கொண்டுவரும் முறையும் அங்கேதான் இருந்தது.

புரோகிராமின் புதிய பதிப்பு வந்ததும் ஒருவர் அந்தப் பக்கத்தைச் சரியாகவே திருத்தி எழுதினார். புதிய பதிப்பு, பழைய கணக்கின் மேல் எழுதுவதற்கு முன் "தொடரலாமா?" என்று கேட்கும். பழைய பதிப்பு கேட்காது. ஒரு கிராம நூலகத்தில் பழைய பதிப்பு ஓடிக் கொண்டிருந்தது. அங்கிருந்த நூலகர், கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் விக்கிப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வந்து, வரி தவறாமல் அதன்படி செய்தார். இரண்டு மாத இரவல் கணக்கு அழிந்து போனது. பழக்கத்தை விடாமல் நோட்டிலும் எழுதி வந்ததால், மீண்டும் உட்கார்ந்து டைப் செய்து சேர்த்துவிட்டார்.

இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. எழுதியவரும் சரியாக எழுதினார். படித்தவரும் சரியாகச் செய்தார். ஆனால் விக்கிப் பக்கம் ஒன்றுதான். புரோகிராமின் பதிப்புகளோ இரண்டு. டெக்ஸ்ட் பைலாக இருந்திருந்தால் பழைய பதிப்புடன் பழைய குறிப்பே இருந்திருக்கும்.

கதை இதோடு முடியவில்லை. அந்த நூலகரே சில நாட்களில் விக்கியில் ஒரு கணக்கு தொடங்கி, பக்கத்தின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தார்: "பழைய பதிப்பில் இதைச் செய்யும் முன் கணக்கு பைலை வேறு பெயரில் காப்பி எடுத்து வையுங்கள்." அதுவரை எங்கள் பக்கங்களில் வந்த மிகப் பயனுள்ள வரி அதுதான் என்பேன். கிட், பேட்ச் என்றெல்லாம் சொல்லியிருந்தால் அவர் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டார்.

பாதுகாப்பு எப்படி?

விக்கி ஒரு சர்வரில் இருக்கிறது. சர்வர் போனால் விக்கியும் போகும். ஜென்டூ லினக்ஸ் பயனர்கள் நடத்திய அதிகாரப்பூர்வமற்ற விக்கி ஒன்றின் தரவுகள் 2008இல் இப்படித்தான் அழிந்தன. முழு பேக்கப் இல்லாததால் பலருடைய உழைப்பு ஒரே நாளில் போனது. பைதான் மொழியின் விக்கியை இயக்கிய மொயின்மொயின் சாப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் உள்ளே நுழைந்து, 2013 ஜனவரியில் அதன் பைல்களை அழித்தார். விளம்பர ஸ்பேம் எழுதுபவர்களின் தொல்லையும் விக்கிகளுக்கு எப்போதும் உண்டு.

டெக்ஸ்ட் பைல், புரோகிராமை டவுண்லோட் செய்த ஒவ்வொருவர் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது. எனவே அதை ஒரே இடத்தில் வைத்து அழித்துவிட முடியாது.

நடுவழி

இரண்டையும் இணைக்கும் வழிகளும் வந்துவிட்டன. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் முறையில், சாதாரண டெக்ஸ்ட் பைலில் சில குறிகளைப் போட்டு எழுதினால் அதையே வெப் பக்கமாக மாற்றிக் கொள்ளலாம். பைதான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கிய ஸ்பிங்க்ஸ், டெக்ஸ்ட் பைல்களில் இருந்து முழு மேனுவலையே தயாரித்துத் தருகிறது. லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களும் 2016 முதல் இந்த முறைக்கு மாறத் தொடங்கின. விக்கி பக்கத்திலும் ஒரு வசதி உண்டு. 2004இல் வந்த டோக்குவிக்கி, டேட்டாபேஸ் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தையும் டெக்ஸ்ட் பைலாகவே சேமிக்கிறது. போல்டரைக் காப்பி செய்தாலே பேக்கப் ஆயிற்று.

எங்கள் குழு வைத்துக் கொண்ட விதி இதுதான். தவறினால் தரவு அழியக்கூடிய வேலைகள், அதாவது இன்ஸ்டால் செய்வது, பேக்கப் எடுப்பது, திரும்பக் கொண்டுவருவது, பதிப்பு உயர்த்துவது எல்லாம் புரோகிராமுடன் டெக்ஸ்ட் பைலில் வரும். அனுபவக் குறிப்புகள், பிரிண்டர் தகராறுகள், தமிழ் கீபோர்டு சந்தேகங்கள் எல்லாம் விக்கியில் இருக்கும். ஒவ்வொரு விக்கிப் பக்கத்தின் முதல் வரியிலும் பதிப்பு எண் இருக்கும். ஒன்றை மட்டும்தான் வைக்கலாம் என்றால் டெக்ஸ்ட் பைலுக்குத்தான் என் ஓட்டு. நூலகர் எழுதிய அந்த ஒரு வரிக்காக விக்கியையும் விட மனமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. புரோகிராமை இன்ஸ்டால் செய்த பின், அதன் போல்டரில் ரீட்மீ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள்.

2. ரீட்மீயை நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் ஒட்டிக் கொண்டு ஒரே வரியாகத் தெரிகிறதா? பைல் கெட்டுப் போகவில்லை. யூனிக்ஸில் வரி முடிவைக் குறிக்கும் முறை விண்டோஸில் இருந்து வேறுபட்டது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் முதல் நோட்பேட் இதைப் புரிந்து கொள்கிறது. பழைய விண்டோஸ் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ் போட்டுக் கொள்ளுங்கள்.

3. விக்கிப் பக்கத்தைப் பின்பற்றும் முன், அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பாருங்கள். புரோகிராமின் ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதைக் கிளிக் செய்தால் உங்கள் பதிப்பு எண் தெரியும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால், விக்கியின் வரலாறு பகுதியில் பழைய வடிவத்தைத் தேடிப் படியுங்கள்.

4. விண்டோஸில் லிப்ரே ஆபீஸுக்கு உதவிப் பகுதி தனி டவுண்லோடாகக் கிடைக்கிறது. அதையும் இன்ஸ்டால் செய்தால் எப் 1 கீயை அழுத்தியதும் நெட் இல்லாமலே உதவி வரும்.

5. தமிழில் குறிப்பு எழுதி டெக்ஸ்ட் பைலாகச் சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎப் 8 இருக்கட்டும். 2019 மே மாத அப்டேட்டுக்கு முந்தைய விண்டோஸ் நோட்பேடில் ஆன்சி என்றே இருக்கும். அதை மாற்றாமல் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

6. குறிப்பில் தவறைக் கண்டால் கடந்து போகாதீர்கள். விக்கி என்றால் நீங்களே திருத்துங்கள். டெக்ஸ்ட் பைல் என்றால் ரீட்மீயில் பொறுப்பாளரின் முகவரி இருக்கிறதா என்று பார்த்து, பதிப்பு எண்ணையும் வரியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் புரியாமல் நின்றீர்கள் என்று சொன்னாலே போதும். பல ஆண்டுகளாக அந்தப் புரோகிராமிலேயே ஊறியவர்களுக்கு அந்த இடம் கண்ணில் படாது. புதியவரான உங்களுக்குத்தான் படும்.