ஓடும் வண்டியில் துள்ளும் பேட்டரி

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில், செங்குன்றத்தை அடுத்து இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. 1953-இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்களை நடத்தியது. சாலையில் ஓடும் ஃபியட், அம்பாஸடர் கார்களையே பந்தயத்திற்கு ஏற்ப மாற்றிக்கொண்டு ஆர்வலர்கள் கலந்துகொண்டார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது.

சோழவரத்தைக் கடந்து பொன்னேரி வழியே சென்றால் பழவேற்காடு ஏரியின் மீனவக் கிராமங்கள் வரும். அங்கிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் போகும் படகு, அலையில் ஏறி இறங்கித் துள்ளுகிறது. பந்தயக் காரும் அப்படித்தான் குலுங்குகிறது. விளக்குக்காகவோ கருவிகளுக்காகவோ 12 வோல்ட் பேட்டரி வைத்திருக்கும் படகுக்காரருக்கும், பந்தயக் கார் ஓட்டுநருக்கும் ஒரே பிரச்சினைதான். கனமான அந்தப் பெட்டியை அசையாமல் நிறுத்துவது எப்படி?

15 கிலோ, 300 கிலோ ஆகும் விதம்

ஒரு காரின் பேட்டரி 15 கிலோ எடை என்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதி, முன்பகுதி நசுங்கி, அரை மீட்டர் தூரத்திற்குள் நின்றுவிடுகிறது. கார் நின்றாலும், நியூட்டனின் முதல் விதிப்படி பேட்டரி அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லவே முயலும். அதைத் தடுத்து நிறுத்தத் தேவையான விசையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,900 நியூட்டன் வருகிறது. இது சுமார் 300 கிலோ எடைக்குச் சமம்! ஆகவே பேட்டரியின் எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. அதைப் போல் இருபது மடங்கு விசையைப் பிடிமானம் தாங்க வேண்டும்.

படகில் விசையின் திசை வேறு. படகு அலை முகட்டிலிருந்து சட்டென்று கீழே விழும்போது, அதனுள் இருக்கும் பேட்டரி ஒரு கணம் எடையற்றதுபோல் மேலெழும்பும். அடுத்த கணம் தளத்தில் மோதும். பக்கவாட்டில் கட்டைகளை வைத்து முட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. மேலிருந்தும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம்

பேட்டரியின் இரு முனைகளையும் ஈரமற்ற கையால் தொட்டால் அதிர்ச்சி தெரியாது. ஆனால் அதன் உள்மின்தடை நூறில் ஒரு ஓம் அளவே. இடம் பெயர்ந்த பேட்டரியின் முனைகள் இரும்புத் தகட்டில் பட்டுவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் பாயும். கம்பி பழுக்கும், தீப்பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல் கசிந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவருகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டதும் வெடிக்கக்கூடும். பெட்டி உடைந்தால் கந்தக அமிலம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். படகில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தால் நச்சு வாயுவான குளோரின் உண்டாகும்.

கட்டும் முறை

எடையைச் சமப்படுத்துவதற்காகப் பந்தயக்காரர்கள் பேட்டரியைப் பின்புறத்திற்கோ காருக்குள்ளோ மாற்றுவதுண்டு. அப்போது தொழிற்சாலையில் அமைத்த பிடிமானம் உதவாது. இதற்காகவே சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு விதி வகுத்துள்ளது. பேட்டரி ஓர் உலோகத் தாங்கியில் அமர வேண்டும். மின்கடத்தாப் பொருள் போர்த்திய இரண்டு உலோகப் பட்டைகள் அதைப் பிடிக்க வேண்டும். போல்ட்டுகள் குறைந்தது 10 மில்லிமீட்டர் விட்டம் உள்ளவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும், கார்த் தகட்டுக்குக் கீழே, 3 மில்லிமீட்டர் கனமும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு வேண்டும்.

இந்தத் தகடு எதற்கு? நட்டு மட்டும் பதியும் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர்கூட இராது. முழு விசையும் அங்கே குவிந்தால் மெல்லிய கார்த் தகடு கிழிந்து, நட்டு வெளியே வந்துவிடும். பரப்பைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கினால் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் குறையும். கனத்த போல்ட் போட்டவர்கள்கூட இந்தத் தகட்டை மறந்துவிட்டால் பயனில்லை.

பட்டைக்கு மின்கடத்தா உறை போடுவதன் காரணமும் தெளிவு. வெற்று உலோகப் பட்டை நழுவி இரு முனைகளையும் தொட்டால், காக்க வந்ததே தீ மூட்டிவிடும். நேர்முனைக்கு ரப்பர் மூடி அவசியம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். காரின் உடல் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், இந்த வரிசையில் செய்தால் ஸ்பானர் உடலில் பட்டாலும் பொறி எழாது. காருக்குள் வைக்கும் பேட்டரி அமிலம் சிந்தாத வகையாக இருக்க வேண்டும்.

படகில் பலரும் கையில் கிடைக்கும் நைலான் கயிற்றால் கட்டிவிடுவார்கள். மீன் வலைக்கு நைலான் நல்லதுதான். ஆனால் அது இழுபடும் தன்மை உடையது. கந்தக அமிலம் பட்டால் வலுவிழக்கும். வெளிக்குத் திடமாகத் தெரியும் கயிறு தேவையான நாளில் அறுந்துபோகும். அமிலத்தைத் தாங்கும் பாலிபுரோப்பிலீன் பட்டை மேலானது. பேட்டரியை மூடியுள்ள, காற்றுத் துளையுடைய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைப் படகின் சட்டத்தோடு பிணைக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் பேட்டரியை எல்லாப் பக்கமும், மேல்நோக்கியும் இழுத்துப் பாருங்கள். சிறிது அசைந்தாலும் வேலை முடியவில்லை. அசையாவிட்டாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். நம் கை தருவது சில நூறு நியூட்டன். மோதல் தருவதோ மூவாயிரம். எனவே கை இழுப்பை மட்டும் நம்பாமல், போல்ட்டின் விட்டத்தையும் அடித்தகட்டின் பரப்பையும் அளந்து பார்த்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.